கோச்சிக்கு வார்த்த நல்ல தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிரே வருகிற இங்கிலாந்துப் பெண்கள் முகத்தைக் கனிவாக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே, பழைய கம்பளிக்குக் கீழே, இருபது கிலோ எடையில் ஒரு என்ஜின் படுத்திருக்கும். கைப்பிடியின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான்கள் தொங்கும். பார்த்தவர்கள் உடனே மன்னிப்புக் கேட்பார்கள். எதற்கு மன்னிப்பு என்று பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு விளங்கவில்லை. இன்னும் சிலர் சிரித்துக்கொண்டு, "உங்கள் கணவருடையதா?" என்று கேட்பார்கள். என் கணவருக்குக் காரின் பொனட்டைத் திறக்கவே பயம். இது என்னுடையது என்று சொன்னால், பாவம், தனிமையில் இருக்கிறாள் போல என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நான் பூங்காவுக்குப் போய்ச் சேர மாட்டேன்.

இது பற்றரியில் ஓடுகிற விளையாட்டுச் சாமான் இல்லை. செம்பில் செய்த பொயிலர், அதற்குக் கீழே கரி எரிகிற சின்ன அடுப்பு, நிஜமான நீராவி. மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும். பின்னால் ஒரு தட்டுப் பெட்டியைக் கொழுவி அதன்மேல் நான் இருந்தால், என்னையும் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊர்ப் பூங்காவில் இப்படியான என்ஜின்காரர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. முப்பத்தொரு ஆண்கள், நான் ஒருத்தி. சேர்ந்த புதிதில், தேநீர் ஊற்றுவதற்கு வந்தவள் என்று நினைத்து என்னிடம் இரண்டு பேர் சீனி கேட்டார்கள்.

ஏன் வாங்கினாய் என்று சனம் கேட்டால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். எனக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது, மன்னார்த் தீவுக்குள் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு இடைக்கிடை ஒரு கரிக்கோச்சி, கரியில் ஓடுகிற ரயில், சாமான் இழுத்துக்கொண்டு வரும். ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். அங்கே உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது. பெருநிலப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிரப்பிய நல்ல தண்ணீர், என்ஜினுக்கு மட்டும். எங்கள் கிணறுகளில் அப்போதே உவர். கோச்சி குடித்துவிட்டுப் போனபின் தாங்கியின் தோல் குழாயிலிருந்து கொஞ்ச நேரம் சொட்டும். அதற்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வேலிக்கு வெளியே காத்திருப்பார்கள். அம்மாவும் நிற்பா, நானும் அவவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அங்கே வேலை செய்த உத்தியோகத்தர் ஒருவர் வந்து, "இது கோச்சிக்குரிய தண்ணி, உங்களுக்கு இல்லை" என்று சொல்லி அம்மாவின் மண்குடத்தைக் காலால் தட்டிவிட்டார். குடம் உடைந்தது. அம்மா குனிந்து பெரிய ஓட்டுத் துண்டை எடுத்தா. அதன் குழிவில் ஒரு மிடறு தண்ணீர் நின்றது. "குடி" என்று என் வாயில் வைத்தா. நான் குடித்தேன். ஐம்பது வருடமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை. அதனால், பூங்காவில் கழகத்து அறிவிப்புப் பலகையில் இந்த என்ஜின் விலைக்கு இருப்பதாகக் கண்டபோது ஒரு எண்ணம்தான் வந்தது. நான் கொடுத்தால் மட்டும் தண்ணீர் குடிக்கிற கோச்சி ஒன்று என் கையில் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கோச்சி என் கையில் இல்லை, நான்தான் அதன் கையில். ஓடுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் அதற்குச் சேவகம் செய்ய வேண்டும். அச்சுகளுக்கு எண்ணெய், சிலிண்டருக்கு வேறொரு தடித்த எண்ணெய். பொயிலரின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதில்தான் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் மட்டும் நெருப்பு. மண்ணெண்ணெயில் ஊறிய விறகுக்கரித் துண்டுகளைப் போட்டு, புகைக்கூண்டின் மேல் ஒரு சின்ன விசிறியை வைத்து இழுக்கவிட்டால் தீ பிடிக்கும். பிறகு கரியைக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டும். நீராவியின் அமுக்கம் எண்பதைத் தொடும்போது மேலே வால்வு தானாகத் திறந்து சீறும். ஓடி முடிந்ததும் சாம்பலைத் தட்டி, புகைக் குழாய்களுக்குள் தூரிகை விட்டு, சூடு ஆறுமுன் பொயிலரின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் வெளியே விட வேண்டும். முதல் வருடம் நானும் எல்லோரையும் போலப் புல்லில்தான் விட்டேன்.

போன வருட மே மாதத்தில், மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் இருக்கிற என் தங்கை றோசிக்கு வீடியோவில் என்ஜினைக் காட்டினேன். அவளுக்குச் சரியான சந்தோஷம். கூவச் சொன்னாள், கூவவிட்டேன். கடைசியில் வால்வைத் திறந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உது என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான்."

"குடிக்கிற தண்ணியோ?"

"ஓம்."

"அதையே நிலத்தில விடுறீங்கள்? இஞ்ச தண்ணிப் பவுசர் வந்து மூண்டு நாள். எங்கட கிணத்துத் தண்ணியில சோறு கூட அவிக்கேலாது, அவ்வளவு கைப்பு."

பொயிலருக்குள் மிஞ்சுவது இரண்டு போத்தல் தண்ணீர்தான். றோசியின் கிணறு எங்கள் பழைய கிணறுகளைப் போல இல்லை, நான் ஊரை விட்டு வரும்போது குடிக்கக்கூடியதாக இருந்தது. இப்போது உப்பு. ஏன் என்று கேட்டால், மழை இல்லை என்கிறார்கள், மணலைத் தோண்டுகிறார்கள் என்கிறார்கள், கடல் ஏறுகிறது என்கிறார்கள். பொறுப்பு என்று வந்தால் ஆளுக்கொரு அரசாங்கக் கந்தோரைக் கைகாட்டுகிறார்கள். தண்ணீர் ஏன் கெட்டது என்று சொல்ல ஆளில்லாத தீவில் என் தங்கை பவுசரைப் பார்த்துக் கானோடு சந்தியில் நிற்கிறாள். இங்கே நான், அம்மாவை விரட்டிய அதே கோச்சிக்கு நல்ல தண்ணீர் வார்த்து, மிச்சத்தைப் புல்லுக்கு விடுகிறேன். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு தொடக்கம் வால்வின் கீழே வாளியைப் பிடித்தேன். மிச்சத் தண்ணீரை ஆறவிட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டில் வடித்து, போத்தலில் அடைத்து, மறு ஞாயிறு அதையே முதலில் பொயிலருக்குள் ஊற்றினேன். குறைந்த அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர். கோடை முழுக்க இப்படித்தான். குளிர் காலத்தில் பொயிலர் உறைந்து வெடிக்காமல் இருக்க அதை வெறுமையாக வைக்க வேண்டும். அந்த மாதங்களில் போத்தல்கள் சமையலறை அலுமாரிக்குள், மடுத் தேவாலயத்திலிருந்து வந்த தீர்த்தப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தன. மாறி எடுக்காமல் இருக்க நாடா ஒட்டி வைத்தேன். ஒரு துளி வீண் போகவில்லை என்று எனக்குப் பெருமை.

இந்த வசந்தத்தில் வருடாந்தப் பரிசோதனை வந்தது. கழகத்தில் பொயிலர் பரிசோதகர் கீத் என்ற எழுபது வயதுக்காரர். அவர் கையெழுத்து வைத்தால்தான் ஜூன் மாதம் பொதுமக்கள் வருகிற நாளில் என்ஜினை ஓட்டலாம். அந்த நாளில் ஓட்ட வேண்டும் என்பது எனக்கு ஒரு பிடிவாதம். முன்னைய இரண்டு வருடமும் என்னை வாசலில் ரிக்கற் கிழிக்க விட்டுவிட்டு அவர்கள் ஓட்டினார்கள்.

கீத் தொடக்கத்திலேயே, "உங்கள் நாட்டில் எங்கள் தண்டவாளங்கள் இன்னும் இருக்கின்றனவா?" என்று கேட்டார். எங்கள் தண்டவாளங்கள் என்று அவர் சொன்னது ஆங்கிலேயர் போட்டவற்றை. போட்டது நீங்களாக இருக்கலாம், வார்த்த தண்ணீர் எங்களுடையது என்று சொன்னேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அமுக்கம் ஏறியதும், அந்தக் கண்ணாடிக் குழாயின் வடிகாலைத் திறந்து மூடினார். தண்ணீர் ஒரே பாய்ச்சலில் பழைய மட்டத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அட்டை ஊர்வதுபோல மெல்ல மெல்ல ஏறியது. அவருடைய முகம் மாறியது. உள்ளே வழி அடைத்திருக்கிறது, குழாயில் தண்ணீர் தெரியும், பொயிலரில் இருக்காது, அப்படியே நெருப்பு எரிந்தால் பொயிலர் போய்விடும், பின்னால் இருக்கிற நீங்களும்தான் என்றார்.

"கடைசியாக எப்போது இதன் தண்ணீரை வெளியேற்றினீர்கள்?"

"வெளியேற்றுவதில்லை. ஒரு துளியும் வெளியே விடவில்லை," என்றேன், புல்லில் விடுவதைக் கேட்கிறார் என்று நினைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு.

"மை டியர், இது தேநீர்க் கேத்தல் இல்லை," என்றார். பிறகு தாளில் ஏதோ எழுதித் தந்தார். வீட்டுக்குப் போய்த்தான் வாசித்தேன். பராமரிப்பில் அக்கறை இல்லை என்று இருந்தது.

அக்கறை இல்லை. வடித்து, ஆற்றி, நாடா ஒட்டி, அலுமாரிக்குள் வைத்துக் காப்பாற்றியவளுக்கு அக்கறை இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே பல் தீட்டுகிற மனிதர், தண்ணீரைப் பற்றி எனக்கு எழுதித் தருகிறார். அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. என் கணவர் பயந்து பாண் வாட்டிச் சாப்பிட்டார். கழகத்துக்கு எழுதுவதற்கு மூன்று பக்கக் கடிதம் தயாரித்தேன். நிறம், பெண், காலனி எல்லாம் அதில் இருந்தன, ஒன்றும் பொய்யில்லை.

கடிதத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று, அடைபட்ட அந்தக் குழாயின் பித்தளை இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஊசி நுழையாத அளவுக்கு உள்ளே வெள்ளையாகப் படிந்து கிடந்தது. விரலால் சுரண்டினேன். அப்போதுதான் புத்தியில் பட்டது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் நாக்குக்கு நல்ல தண்ணீர், ஆனால் சுண்ணாம்பு நிறைந்தது. மன்னாரில் நாங்கள் தண்ணீரை நாக்கால்தான் அளப்போம். உவர்க்காவிட்டால் நல்ல தண்ணீர், அதற்குமேல் கேள்வி இல்லை. நீராவியாகப் போவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். அந்த மிச்சத்தையே நான் வாரா வாரம் திருப்பி ஊற்றி மேலும் காய்ச்சியிருக்கிறேன். உப்பளத்தில் பாத்தி கட்டி இதைத்தான் செய்வார்கள். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு நிற்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் உப்பளம் பார்த்து வளர்ந்தவள், பொயிலருக்குள் ஒரு உப்பளம் நடத்தியிருக்கிறேன். கடிதத்தைக் கிழித்தேன். கீத்தை மன்னித்ததாக நினைக்க வேண்டாம். பிழை என்னுடையது, அக்கறை இல்லை என்ற வார்த்தை இன்னும் அவருடையது.

மறு ஞாயிறு கீத்திடம் நேராகப் போய், என் தீவைப் பற்றியும் பவுசரைப் பற்றியும் போத்தல்களைப் பற்றியும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "மழைத் தண்ணீரை விடுங்கள், அதில் சுண்ணாம்பு இல்லை," என்று மட்டும் சொன்னார். ஆனால் தாளை வாங்கி அந்த வரியை வெட்டிவிட்டு, தண்ணீர் பொருத்தமில்லை என்று எழுதினார். மன்னிப்பைத் தெருவெல்லாம் இறைக்கிற இந்தச் சனத்துக்கு, வேண்டிய இடத்தில் மட்டும் அந்தச் சொல் வராது. இரண்டு வாரம் சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றிக் கழுவினேன். கூரைப் பீலிக்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்தேன். இந்த ஊரில் மழைக்கா பஞ்சம்.

இரண்டாம் பரிசோதனையில் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் ஏறியது. கையெழுத்துக் கிடைத்தது. றோசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அண்டைக்கு வயித்தெரிச்சலிலதான் அப்பிடிச் சொன்னனான்," என்றாள். "நீங்கள் அங்க மிச்சம் பிடிக்கிற தண்ணி என்ர கிணத்துக்கு வரப்போகுதே, அக்கா? வெளியில விடுங்கோ. கோச்சியைப் பழுதாக்காதேங்கோ."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கானோடு சந்தியில் நிற்கிறவள் எனக்கு அனுமதி தருகிறாள். தண்ணீர் தர வேண்டியவர்கள் யாரும் அவளிடம் இதுவரை எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

ஜூன் மாதம் ஓட்டினேன். ரிக்கற் கிழிக்க வேறு ஆள் பிடித்தார்கள். எட்டு முறை பூங்காவைச் சுற்றினேன், ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேலேயே கூவினேன். மாலையில் நெருப்பைத் தட்டிவிட்டு, அமுக்கம் பத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, பொயிலரின் அடியில் கையை விட்டேன். பக்கத்தில் நின்ற கீத் கீழே பார்த்தார்.

"வாளி எதற்கு?" என்று கேட்டார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை வால்வைத் திறந்துகொண்டிருந்தது. இடது கை, நான் சொல்லாமலே, வாளியைக் கீழே பிடித்திருந்தது.