வளையத்துக்கு மேலே நின்ற சோறு

புதன்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். மஞ்சக்குப்பத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடைக்காரன் நான். கடை அடைத்திருப்பதைப் பார்த்து, பைபாஸ் ஆப்ரேஷன் என்று கேள்விப்பட்டு, "பைபாஸா? ஹார்ட்டுங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வயிறு, வயிறு" என்று சொல்லி அலுத்துப்போனது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் எடை நூற்று முப்பது கிலோ. சென்னையில் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சிலிகோன் வளையத்தைப் பூட்டினார்கள். நாலு வாய் தின்றால் அடைத்துக்கொள்ளும். நன்றாகத்தான் இளைத்தேன். இப்போது அந்த வளையம் இடம் நழுவிவிட்டது. விழுங்கியது இறங்குவதில்லை, படுத்தால் தொண்டைக்கு ஏறுகிறது, ஆறு மாதமாக உட்கார்ந்தே தூங்குகிறேன். வளையத்தை எடுத்துவிட்டு, இரைப்பையில் சின்னதாக ஒரு பையைப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைக்க வேண்டும் என்றார் சிதம்பரத்து டாக்டர். அதுதான் வயிற்றுக்கு பைபாஸ். இரண்டு வாரமாகக் கஞ்சித் தண்ணீரில் இருந்தேன். புதன் காலை முதல் வெறும் தண்ணீர்.

முதுநகர் தாண்டியதும் ஆலை வாடை. புதுச்சத்திரம் பக்கம் இறால் குட்டைகள் அசைவில்லாமல் கிடந்தன, நல்ல வெயிலிலும் கறுப்பாக. வண்டி குலுங்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது. வளையத்தை இறுக்க ஊசி போடுகிற இடம் அது. என் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல ஓர் எண்ணம்.

"அதத் தடவிக்கினே இருக்காதீங்க மாமா, முழிச்சிக்கப் போவுது" என்றான் மச்சான்.

நான்கு பத்துக்குச் சிதம்பரம். மச்சான் தங்குவதற்குக் கீழவீதியில் ஒரு மாடி அறை, நாளைக்கு நானூறு ரூபாய். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. வீட்டுக்காரர் கமலம்மாள், ஐம்பது வயதிருக்கும், பேசினால் நிறுத்தமாட்டார். நான் ஆறு மணிக்கு அட்மிட் ஆக வேண்டும். நாலே முக்காலுக்குக் கமலம்மாள் ஒரு கிண்ணத்தோடு மாடி ஏறி வந்தார். மதியம் நடராஜருக்குப் படைத்த சம்பா சாதம்.

"தண்ணி தவிர எதுவும் தொடக்கூடாதும்மா."

"சாப்பாட்டத் தொடக்கூடாது. இது பிரசாதம். கத்தி படப்போற உடம்பு, கைநீட்டி வாங்காம இருக்கலாமா?"

"வாங்கிக்குங்க மாமா. சாமி சோறு டாக்டர் கணக்குல வராது" என்றான் மச்சான்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஒரு கைப்பிடி வாயில் போட்டேன். மிளகு, சீரகம், நெய். இரண்டு வாரத்துக்குப் பிறகு பல்லில் பட்ட சோறு! அப்போதுதான் சுவரில், ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தேன். யாருடையது என்று கேட்டேன்.

"போன மாசம் இந்த ரூம்ல இருந்தவரோடது. அவரும் ஆப்ரேஷனுக்குத்தான் வந்தாரு. இதே மாதிரி ஒரு வாய் வாங்கிக்கிட்டுப் போனாரு."

"அப்புறம்?"

"பைய எடுக்க யாரும் வர்லிங்க." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த நொடியில் சோறு நெஞ்சுக்குக் கீழே நின்றது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், தண்ணீரும் அதன்மேல் நின்றது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "தண்ணி மட்டும்தான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நான் சோற்றையே மறைத்தேன்.

வியாழன் காலை ஆறே முக்கால். தியேட்டருக்குள் பச்சை விளக்கு, பனிக்கட்டி மாதிரி மேஜை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா சின்ன வயசு. "பயப்படாதீங்க, கண்ண மூடிக்கிங்க" என்று முகமூடியைக் கொண்டுவந்தார். மல்லாக்கப் படுக்க வைத்ததும் நெஞ்சுக்குக் கீழே நின்ற சோறு நகர்ந்தது. தொண்டையில் மிளகு வாசனை. பதினாலு மணி நேரத்துக்கு முன் தின்றது, இப்போது தின்றது போலவே. யாரோ கீழேயிருந்து அதை ஒரு விரலால் மேலே தள்ளுவது போலவே. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக்கொண்டே கெடுகிற தவளையும் உண்டு என்று அந்த மேஜையில்தான் தெரிந்தது.

கையைத் தூக்கினேன். "நிறுத்துங்க டாக்டரம்மா. உள்ள சோறு இருக்கு."

"எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து நாலே முக்காலுக்கு. பிரசாதம்ங்க, சாப்பாட்டுல சேராதுன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் மட்டும் மெதுவாக, "எங்க வூட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

உட்கார வைத்து, தொண்டையை மரக்கச் செய்து, கேமரா குழாயை விட்டார்கள். திரையில் பார்த்தேன். சிவந்த குகை, அடியில் வளையம் நெரித்த சின்ன வாய். அதற்கு மேலே நேற்றைய சோறு, பருக்கை பருக்கையாக, மிளகு மிளகாகவே. படையல் இலையில் யாரும் தொடாமல் கிடப்பது போலக் கிடந்தது.

"மத்தவங்களுக்கு இந்நேரம் இறங்கியிருக்கும். உங்களுக்கு வளையம் விடல. மயக்கத்துல இது மேல வந்து நுரையீரலுக்குப் போயிருந்தா..." என்றார் டாக்டரம்மா.

எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு ஆப்ரேஷனை ஒரு நாள் தள்ளினார்கள். மச்சான் என் கால்மாட்டில் வந்து நின்றான். "நான்தான் மாமா வாங்கிக்கச் சொன்னேன்" என்றான். எனக்குத் தெரிந்து அவன் கிண்டல் பண்ணாத ஒரே நாள் அது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி நேரம் பிடித்தது. வளையத்தை எடுத்து, அதே மூச்சில் பைபாஸும் செய்துவிட்டார்கள். எடுத்ததை மச்சானிடம் காட்டினார்களாம். "கொழந்த வளையல் சைஸுதான் மாமா. உள்ள இவ்ளோ வேலை பண்ணியிருக்குது" என்றான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். வெள்ளாற்றுப் பாலத்தில் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். வரும்போது வளையத்தோடு இரண்டு பேராக வந்தவன், திரும்பும்போது ஒற்றையாள். வலியைவிட அதுதான் பழகவில்லை.

வீட்டில் என் மனைவி ஒரு சின்ன டம்ளரில் வடிகட்டிய மோர் கொடுத்தாள். ஒரு மிடறு. நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எங்கே போனது என்றே தெரியவில்லை, கிணற்றில் போட்ட கல் சத்தமில்லாமல் மறைந்த மாதிரி. இன்னொரு மிடறு. அதுவும் அப்படியே.

"போதுமாங்க?" என்றாள்.

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. உள்ளே அடைக்கும், கையால் மறிப்பேன், அவளும் எடுத்துக்கொண்டு போவாள். இப்போதும் உள்ளேயிருந்து ஏதாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் டம்ளரோடு நின்றாள்.

"போதும்" என்றேன். என் குரல்தான். எனக்கே புதிதாக இருந்தது.