மூன்றாம் மாடி விளக்குகள்

நோரீன் பெல்கி, வெல்டன் கல்லூரிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் உழைத்தவள். ஞாயிற்றுக்கிழமை அவள் வாஃபிள் அப்பம் சுடுகிறாள் என்று தெரிந்தால் போதும், அமெரிக்காவின் வெர்மான்ட் பனியில் இரவு உடையோடே பிள்ளைகள் ஓடி வருவார்கள். மேப்பிள் பாகை அளந்து ஊற்றச் சொல்லி நிர்வாகம் தலைபாடாக அடித்துக்கொண்டது; அவள் கேட்டால்தானே! கல்லூரி மூடி ஆறு வருஷமாகிறது. "நோரீன், இன்னொண்ணு!" என்ற அந்தச் சத்தத்துக்கு இன்னும் ஏங்குகிறாள்.

கடைசி வருஷங்களில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெற்றோர் சுற்றிப் பார்க்க வரும் நாட்களில், காலியாகக் கிடந்த விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறி, அறை அறையாக விளக்கைப் போட்டுவிட்டு வர வேண்டும். கூட்டம் இருப்பதுபோலத் தெரிய வேண்டுமாம். விருந்தாளி வந்தால் மெத்தையின் கிழிசலை மறைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படியொரு நாள், சாப்பாடு வாங்க வந்த ஒரு தாய் தணிந்த குரலில் கேட்டாள்: "உள்ளதச் சொல்லுங்க. இந்த காலேஜ் தாங்குமா?"

"நூத்திப்பத்து வருஷமா நிக்குது. உங்க பொண்ணு படிக்கிற நாலு வருஷம் நிக்காதா?" என்று சிரித்தாள் நோரீன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தத் தாயின் மகள் பெத் அங்கே சேர்ந்தாள். ஒன்றரை வருஷத்தில் கல்லூரியை மூடிவிட்டார்கள். அடுத்துப் போன கல்லூரியில் அவள் படித்ததில் பாதியை ஏற்கவில்லை. படிப்புக் கடன் மட்டும் முழுசாக நின்றது.

இப்போது நோரீனின் மகள் ஹேலியின் முறை. பார்த்த கல்லூரிக்கெல்லாம் மூஞ்சியைச் சுளித்தவள், இன்று அம்மாவோடு சுற்றிப் பார்க்க வந்த இந்த ஏரிக்கரைக் கல்லூரியைக் கண்டதும் சொக்கிப்போனாள். வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

"இங்கதாம்மா. முடிவு பண்ணிட்டேன். மூணு வருஷமா நஷ்டம்னு கணக்குல போட்டிருக்கு. ஆனா நன்கொடை வரப்போகுதுன்னு சுத்திக் காட்டுன பையன் சொன்னான்."

"வேற என்னடி சொல்வான்?"

நோரீன் அண்ணாந்து பார்த்தாள். பட்டப்பகல். விடுதியின் மூன்றாம் மாடி முழுக்க விளக்கு. ஒரு ஜன்னலில்கூடத் திரையில்லை, செடியில்லை, காயப்போட்ட காலுறையில்லை.

மதியம் சாப்பாடு பரிமாறியவளின் சட்டையில் மார்ஜ் என்று பெயர் குத்தியிருந்தது. நோரீன் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு."

"இங்க வேலை பாக்கிறவங்க பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கிடையாதுல்ல? இங்கதான் படிக்கிறாளா?"

மார்ஜின் கரண்டி நின்றது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"அரசாங்கக் காலேஜ்ல. காசு கட்டித்தான் படிக்க வைக்கிறேன்" என்றவள், ஹேலியின் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்தாள்.

காரில் ஏறியதும் ஹேலி அழுதாள். நோரீன் விளக்குகளைப் பற்றியும் பெத்தைப் பற்றியும் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அந்தம்மா கேட்டப்பவே உண்மையச் சொல்லியிருக்கலாமே? ஏம்மா சொல்லல?"

"எனக்கு அந்த இடத்த அவ்வளவு புடிச்சிருந்துச்சுடி."

ஹேலி திரும்பி ஏரியைப் பார்த்தாள்.

"எனக்கும்தாம்மா இது புடிச்சிருக்கு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய எடு, வேற காலேஜ் பாக்கலாம்."