ஒட்டுப்பொட்டுக்குக் கீழே

முதலில் அது பயறளவு புண். நெற்றியின் நடுவில் வந்ததால் ஒட்டுப்பொட்டு வைத்து மறைத்தேன். புண் ஆறாமல் கொஞ்சம் வளர்ந்தது. நானும் பொட்டின் அளவைக் கூட்டினேன். நவராத்திரி வந்தபோது என் பொட்டு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு. வெள்ளவத்தைக் கோயிலில் பெண்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று மெச்சினார்கள். நான் மறுக்கவில்லை.

இரவில் தோல் பாடுபட்டு அடைத்து வைப்பதை மறுநாள் பொட்டோடு சேர்த்து உரித்தெடுப்பேன். டொக்டரிடம் போனால் பொட்டை எடுக்கச் சொல்வார். கலியாணம் முடித்து முப்பது வருடமாக வெறும் நெற்றியோடு வாசல் தாண்டாதவள் நான். உண்மையைச் சொன்னால், அவர் வேறொரு சொல்லைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.

ஒருநாள் காலை இரத்தம் மூக்குவரை வழிந்தது. கணவர் உடனே ஓட்டோ பிடித்தார். டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். சிறு துண்டு வெட்டிச் சோதித்த பிறகு ஆறுதலாக விளக்கினாள். தோலின் அடியில் ஸ்டெம் செல் என்ற தாய்க்கலங்கள் இருக்கின்றனவாம். காயத்துக்குப் புதுத்தோல் செய்து அடைப்பது அவைதானாம். வயது போகப் போக வேலையில் சுணங்குமாம். வெயிலில் கெட்டுப்போன ஒன்று நிறுத்தத் தெரியாமல் பெருகினால் புற்றுநோய். எனக்கு வந்திருப்பது அதுதான். இந்த வகை பரவுவது அரிது, வெட்டி எடுத்தால் போதும் என்றாள். பயந்த சொல்லே வந்து விழுந்த அந்த நேரத்திலும், சுருக்கம் போக நான் வாங்கிப் பூசிவந்த 'ஸ்டெம் செல் கிறீமை' அவள் கண்ணில் படாமல் கைப்பைக்குள் அமுக்கினேன்.

வெட்டி, தையலும் பிரித்தாயிற்று. ஒரு மாதத்துக்குப் பொட்டு கூடாது. லிஃப்டில் மேல்மாடிக்காரி என் வெறும் நெற்றியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தாலிக்கொடியோ சட்டைக்குள்ளே கிடந்தது. பின்னேரம் அவள் இன்னும் இருவரோடு, வெள்ளைச் சேலையில், பிளாஸ்க் நிறையக் கோப்பியோடு வந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா. கதவைத் திறந்தது, இடுப்பில் சாரமும் கையில் கடித்த பாண் துண்டுமாக என் கணவர். மூவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். என்னைச் சுகம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நன்றி சொல்லி, தன் செத்தவீட்டுக் கோப்பியைத் தானே இரண்டு கோப்பை குடித்தார்.

அவர்கள் போன பிறகு நான் சொல்லத்தான் அவருக்கு விளங்கியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. தழும்புக்கு மேல் ஒன்றை ஒட்டிவிடுவோம் என்று பொட்டுப் பெட்டியைத் திறந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"இஞ்சரும், நான் இருக்கிறன் எண்டு காட்ட உமக்கொரு பொட்டு இருக்கு," என்றார். "நீர் இல்லாமப் போனா, ஊருக்குக் காட்ட என்னட்ட என்ன இருக்கு?"

பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தேன்.