குளிசையை நிறுத்தச் சொன்னவள்

ஜெசிமாவிடம் மருந்துக் குளிசையை நிறுத்தச் சொன்னவள் நான். அவளுடைய மகள் நஃப்லா எந்தத் தவறும் செய்யவில்லை.

இவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு மூன்று வருடங்கள் தேவைப்பட்டன! அந்த மூன்று வருடங்களும் நான் ஊமையாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தேன். உறக்கம், அமைதி, சமநிலை... எல்லாம் பேசினேன். இதைமட்டும் பேசவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். நாற்பத்து மூன்றாவது வயதில் என் உடல் என்னைக் கைவிட்டது. மாதவிலக்கு தாறுமாறானது, தலைமயிர் கொட்டியது, சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடத்தது. கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாக நித்திரை கொள்ளுங்கள், மனத்தை அலைக்கழியவிடாதீர்கள் என்றார்கள்.

கேட்டேன். ஒன்பது மணிக்கே கைத்தொலைபேசியை அலுமாரிக்குள் பூட்டினேன். பின்னேரத் தேநீரை விட்டேன். காலை வெயிலில் கடற்கரையோரம் நடந்தேன். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடப் பழகினேன். ஆறு மாதங்களில் நான் பழைய ஆளானேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. உறக்கம் என்னைத் தேற்றியது உண்மை. அந்த ஒரே ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அத்தனை அநியாயமும் செய்தேன்!

காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அது சுரக்கும் கோர்ட்டிசோல், மன அழுத்தத்தால் அது களைத்துப்போகிறதாம் என்ற கதை... எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். பிறகு உள்துறைமுக வீதிப் பக்கம் பிள்ளைகள் படிக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கு வகுப்பு வைத்தேன். யன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். பாய்களை விரித்து அவர்களைப் படுக்கவைத்து, கண்களை மூடச் சொல்லி, என் குரலால் அவர்களை அமைதிப்படுத்துவேன்.

அவர்கள் என்னை 'டீச்சர்' என்றார்கள். இருபது வருடங்கள் மற்றவர்களின் கோப்புகளைச் சுமந்தவளை... டீச்சர்! அந்தச் சொல்லின் போதையை நீங்கள் அறிவீர்களா? நான் அறிவேன்.

ஜெசிமா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவர் கட்டாரில். வீட்டில் அவளும், உயர்தரம் படிக்கும் ஒரே மகள் நஃப்லாவும். பக்கத்து வளவில் கணவரின் ராத்தா, நஃப்லாவுக்கு மாமி. ஜெசிமாவுக்குக் கடுமையான மூட்டுவாதம். அதற்காக ஆறு வருடங்களாக ஸ்டீராய்ட் குளிசை எடுத்துவந்தாள். முகம் வட்டமாக ஊதியிருந்தது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நின்று கேட்டாள்.

"டீச்சர், இந்தக் குளிசையாலதான் எனக்கு நித்திர வருகுதில்ல போல. முகமும் இப்படி. என்ன செய்யலாம்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தெரியாது! டொக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு வாய் வந்ததா? இல்லை. கொப்பியைத் திறந்தேன்.

"இந்தக் குளிசை உங்கட சுரப்பியைத் தூங்கவச்சிருக்குது, ஜெசிமா. அதை நிப்பாட்டினால்தான் அது எழும்பும். நேரத்துக்கு நித்திரை, மூச்சுப் பயிற்சி, மனசில பாரம் இல்லாமல் இருங்கோ. மூண்டு கிழமையில முகம் வத்தும்."

"டொக்டரிட்டக் கேக்கட்டா?"

"கேட்டா விடமாட்டினம். அவையளுக்கு மருந்து மட்டும்தான் தெரியும்."

அதோடு நிறுத்தினேனா? இல்லை...

"மகளிட்டயும் சொல்லாதேங்கோ. பிள்ளை பயந்துபோய் கிளினிக்கில சொல்லிப்போடுவா."

ஏனென்றால் காலையில் தாய்க்குக் குளிசை எடுத்துக் கொடுப்பவள் நஃப்லா. பரீட்சை நெருங்குகிறது, நீ படி, இனி நானே எடுக்கிறேன் என்று ஜெசிமா மகளிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை நம்பினாள். தாய் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

பத்து நாட்கள். அதற்குள் அவளுக்குக் களைப்பு. சாப்பாடு பிடிக்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றல். வியாழக்கிழமை எனக்கு அழைத்தாள்.

"டீச்சர், சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்குது. காய்ச்சலும் காயுது. குளிசையத் திருப்பி எடுக்கட்டா?"

"எடுக்காதேங்கோ! உடம்பில இருந்த நஞ்செல்லாம் வெளியில போகுது. நல்ல அறிகுறி. சனிக்கிழமை வாங்கோ, படுத்து ஆறலாம்."

நல்ல அறிகுறி... அந்தச் சொற்களை நான் எங்கிருந்து எடுத்தேன்? ஏதோ ஒரு காணொளியிலிருந்து. யாரோ ஒருத்தி வெளிச்சத்தின் முன்னால் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னது. அவள்மீது கோபம் வருகிறது. அதைவிட, என்மீது. உங்கள்மீதும்! ஆம், உங்கள்மீதும்தான். நோயாளிக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசிக்காமல் 'மருந்தில்லாமல் குணமாகலாம்' என்று குடும்பத்துக்கெல்லாம் அனுப்புகிறீர்களே, நீங்கள்! அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறீர்களே! அடுத்த வேலையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்தாள். அந்த உடம்போடு, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாளாம். உதடுகள் வெளுத்திருந்தன. நான் பார்த்தேன். பார்த்தும் பாயைக் காட்டினேன்.

படுத்தார்கள். கண்களை மூடினார்கள். நான் வழக்கம்போல் பேசினேன். முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். ஜெசிமா எழவில்லை.

பக்கத்துப் பாயில் இருந்த பெண் அவளைத் தட்டப் போனாள். நான் விரலை உதட்டில் வைத்துத் தடுத்தேன்.

"எழுப்பவேண்டாம். எத்தனை நாளுக்குப் பிறகு நித்திரை கொள்றா, பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மெல்ல நடந்து வெளியே போனார்கள். நான் தொலைபேசியை எடுத்து அவளைப் படம் பிடித்தேன். எதற்குத் தெரியுமா? முகநூலில் போட! என் வகுப்பின் பெருமைக்கு!

இருபது நிமிடங்கள் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெருமையோடு. ஒரு தாய் குழந்தையைப் பார்ப்பதுபோல... சீ! எழுதவே கூசுகிறது.

பிறகுதான் கையைத் தொட்டேன். ஈரமாக, குளிர்ந்துபோயிருந்தது. கூப்பிட்டேன். கண்கள் பாதி திறந்தன. ஏதோ முனகினாள், விளங்கவில்லை.

தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தேன். சாரதியும் நானுமாக அவளைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரஷர் மிகக் குறைவு என்றார்கள், இரத்தத்தில் சீனியும் குறைவு என்றார்கள். சேலைன் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர் என்னிடம் திரும்பினார்.

"நீங்கள் ஆர், சொந்தமா?"

"தெரிஞ்சவ."

"ஏதும் மருந்து எடுக்கிறவவா?"

கேளுங்கள். என் வாக்குமூலம் உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்னே சொன்னதெல்லாம் அறியாமை என்று நீங்கள் மன்னிக்கப் பார்ப்பீர்கள். இதை என்னவென்று சொல்வீர்கள்?

எனக்குத் தெரியும். குளிசையின் பெயர் தெரியும். எத்தனை வருடமாக எடுத்தாள், எந்த நாளில் நிறுத்தினாள், எல்லாம் தெரியும். ஏனென்றால் அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவளே நான்.

"தெரியாது" என்றேன்.

அவள் குளிசையைப் பற்றிக் கேட்டபோது சொல்லியிருக்கவேண்டிய அதே வார்த்தை! அன்று வராத வார்த்தை, இன்று எவ்வளவு எளிதாக வந்தது!

செய்தி கேட்டு நஃப்லா கிண்ணியாவிலிருந்து மாமியோடு வந்துசேர ஒரு மணி நேரமாகிவிட்டது. தாயின் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள் பிள்ளை. டொக்டர் கொப்பியைப் புரட்டினார். பையிலிருந்து உடைக்கப்படாத குளிசை அட்டைகளை எடுத்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். தாதியைக் கூப்பிட்டு உடனே ஓர் ஊசி போடச் சொன்னார். பிறகு குரல் உயர்ந்தது.

"ஆர் இதை நிப்பாட்டச் சொன்னது? இவ்வளவு காலம் எடுத்தா உடம்பு தானாச் சுரக்கிறதை விட்டிடும். குறைக்கிறதெண்டா நாங்கள் பாத்துப் பாத்து, மாசக்கணக்கில குறைப்பம். ஒரேயடியா விட்டா, அதுவும் காய்ச்சல் நேரத்தில, உடம்பு தாங்குமா? வரேக்கையே இதைத் தெரிஞ்சிருந்தா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் நான் மூன்று வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாமி நஃப்லாவைப் பார்த்தார்.

"உன்ட பொறுப்புத்தானேடி குளிசை குடுக்கிறது! படிப்பு படிப்பெண்டு உம்மாவக் கவனிக்காம விட்டுட்டியே!"

வார்ட்டின் நடைபாதையில், எல்லோருக்கும் முன்னால், அந்தப் பிள்ளையின் கன்னத்தில் அறை விழுந்தது. நஃப்லா அழவில்லை. "உம்மா எடுக்கிறன் எண்டு சொன்னாங்க மாமி... உம்மா எடுக்கிறன் எண்டுதான் சொன்னாங்க..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் நான்கடி தூரத்தில் நின்றேன். நான்கடி! தொலைபேசியை எடுத்தேன். ஜெசிமாவின் படத்தை அழித்தேன். எங்கள் இருவருக்கும் இடையே வந்துபோன குறுஞ்செய்திகளையும் அழித்தேன். பிறகு போய் நஃப்லாவின் தோளை அணைத்து, "கவலைப்படாதேங்கோ மகள்" என்றேன்.

மூன்றாம் நாள் ஜெசிமா மௌத்தானாள். கிருமித் தொற்று இரத்தத்தில் பரவிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இருபது நிமிடங்களும் அந்த ஒரு மணி நேரமும் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. இது உண்மையான 'தெரியாது'. எந்த டொக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

மையத்து வீட்டுக்குப் போனேன். பெண்கள் நடுவே கதிரையில் உட்கார்ந்து, நஃப்லாவைப் பற்றி அவர்கள் குசுகுசுத்ததை எல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு சனிக்கிழமைகள் விட்டு, மீண்டும் வகுப்பை வைத்தேன்! ஆம், வைத்தேன். ஜெசிமாவுக்காக ஒரு நிமிடம் அமைதி காத்தோம். அதையும் நானே நடத்தினேன்...

எட்டு மாதங்கள் கழித்துத்தான் நிறுத்தினேன். அதுவும் குற்ற உணர்வால் அன்று. வேறொரு பெண், தைரொயிட் குளிசையை விடலாமா என்று கேட்டாள். பயந்துபோனேன். அன்றோடு பாய்களைச் சுருட்டினேன்.

நஃப்லா பரீட்சை எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் ஒரு பாலர் பாடசாலையில் உதவிக்குப் போவதாகச் சொன்னார்கள். மாமி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லையாம். கட்டாரிலிருந்து தகப்பன் அழைத்தாலும் மகளோடு அதிகம் கதைப்பதில்லையாம். ஒவ்வொன்றாக என் காதுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு, 'ஐயோ பாவம்' என்றேன். பாவமாம்! யார் செய்த பாவம்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து அவள் வீட்டுக்குப் போனேன். நஃப்லா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண்ணின் முகமாக இல்லை அது.

"வாங்க டீச்சர். இரிங்க, தேத்தண்ணி வைக்கிறன்."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். குளிசை, மகளுக்குச் சொல்லாதே என்றது, தொலைபேசி அழைப்பு, இருபது நிமிடங்கள், படம், 'தெரியாது'... ஒன்றையும் விடவில்லை. அவள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது.

துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு அடிச்ச நேரம் நீங்க அங்கதானே நிண்டீங்க?"

"ஓம்."

"என்னை அணைச்சீங்க."

"ஓம்."

"மூணு வருஷம் நான் என்னையே கேட்டுக்கிட்டிருந்தன். ஒரு நாளாவது அட்டையத் திறந்து பாத்திருக்கலாமே எண்டு."

மன்னித்துவிடு என்று தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தாள். அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"அதெல்லாம் என்னட்டக் கேக்காதீங்க! எனக்கு மட்டும் சொல்லிப்போட்டு, பாரத்த இறக்கி வச்சிட்டுப் போகலாம் எண்டு வந்தீங்களா? ஏலாது! எல்லாருக்கும் முன்னாலதானே எனக்கு அடி விழுந்தது? நீங்களும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. மாமிக்குச் சொல்லுங்க. வாப்பாவுக்குச் சொல்லுங்க. ஊருக்குச் சொல்லுங்க!"

மாமியிடம் அன்றே சொன்னேன். அவர் கதவை அடைத்தார். தகப்பனுக்கு அழைத்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுத் துண்டித்தார். ஊருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்து இரங்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை கேட்டாள், செய்கிறேன். அவ்வளவே. அவள் கேட்டிராவிட்டால் இதுவும் செய்திருக்கமாட்டேன்.

அன்று நான் திரும்பும்போது படலைவரை வந்தாள் நஃப்லா. வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன்! அந்த அற்ப ஆசை இன்னமும் எனக்குள் இருந்திருக்கிறது, பாருங்கள். படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உம்மா போனதில இருந்து எனக்கு ஒழுங்கா நித்திர இல்ல. நீங்க நித்திர கொள்றீங்களா, டீச்சர்?"

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். இந்தமுறை பொய் சொல்லியிருந்தால் அது அவளுக்குக் கொஞ்சமேனும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம்" என்றேன்.

அவள் படலையைச் சாத்தினாள். கொழுக்கியையும் மாட்டினாள்.