தலைவர் நாற்காலியும் அளவு பார்க்கும் ரூமும்

1. முன்வரிசையில் உட்கார்ந்தது

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்றைக்கு ஜெலுத்தோங்கில் என் பட்டறைக்கு மூன்று கதவு. ரோந்துப் படகுகளின் ஷாப்ட்டைத் தாங்குகிற புஷ் கடைவதில் இந்தத் தீவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாது என்பார்கள். வேறு யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. படகு கட்டுகிற பெரிய கம்பெனிகளும் அதில் உண்டு, அவர்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிற எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளும் உண்டு. எங்கள் குரல் மேலே போவதற்காக உறுப்பினர் ஆலோசனைக் குழு என்று ஒன்று. நாங்கள் கமிட்டி என்போம். முடிவு எடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆலோசனை மட்டும்தான் சொல்லும். ஆனால் கமிட்டித் தலைவருக்கு, முடிவு எடுக்கிற மேல்குழுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலி எனக்கென்றே செய்தது என்று நினைத்திருந்தேன்.

தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நான் யாரிடமும் போய், "என் பேரைச் சொல்லுங்க" என்று கேட்கவில்லை. அதை எதற்குக் கேட்பது? புது பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். யாரோ "சுகுமாரன்" என்றார்கள். பின்னாலிருந்து இன்னொருவர் "சரி" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

சுகுமாரன் என் தெருக்காரன். என் பட்டறைக்கு நாலு கடை தள்ளி அவன் பட்டறை. நான் இரண்டாவது லேத் வாங்கிய காலத்தில் அவன் இன்னொருவரிடம் கூலிக்கு நின்றான். ஆஸ்பத்திரி வார்டில் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசுவான். அதற்குப் பேர் பண்பாம்.

2. பெயர் இல்லாத யோசனை

கொஞ்ச நாளில் மேல்குழுவிலிருந்து ஒரு விஷயம் கமிட்டிக்கு வந்தது. இனி ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு ரிப்போர்ட் வேண்டும், அதுவும் சூடு ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் ரூமில் அளந்திருக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் கேட்டன. கேட்டது நியாயம்தான். சூட்டில் இரும்பு விரியும். ஆனால் தெருவைப் பார்த்துக் கதவு திறந்து கிடக்கும் எங்கள் பட்டறைகளில் அந்த மாதிரி ரூமை எங்கே கட்டுவது? இது சட்டமானால் எங்களில் பாதிப் பேருக்கு ஆர்டர் நின்றுவிடும்.

கமிட்டியில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தபோது நான்தான் சொன்னேன்.

"ஆளுக்கு ஒரு ரூம் எதுக்குலா? எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு போடச் சொல்லுங்க. சங்கம் நடத்தட்டும், நாம வாடகை கட்டி அளந்துக்குவோம்."

"நல்ல யோசனைண்ணே" என்று சுகுமாரன் தலையாட்டினான். பிறகு குறிப்பில் எழுதி வாசித்துக் காட்டினான், "பொது அளவு ரூம் வேண்டும் என்று கமிட்டி கருதுகிறது."

"கமிட்டி எங்கய்யா கருதுச்சு? நான்ல கருதுனேன்."

"இங்க யார் பேரும் போடுறது இல்லண்ணே. நாம எல்லாரும் ஒரே ஆளுக்குச் சாமான் விக்கிறவங்க. பேரப் போட்டா, இவன் தனக்காகக் கேக்குறான்னு சொல்லிருவாங்க."

நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வாரம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனேன். கடைக்காரர் காசிம் பாய் என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒங்க தலைவரு நேத்து வந்தாரு. பொது ரூம் ஒண்ணு வரப்போவுதாமே? என்னா மூளை அந்த மனுசனுக்கு!" என்றார். பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

3. பெஞ்சு

மேல்குழுக் கூட்டத்துக்கு எங்கள் கமிட்டியையும் கூப்பிட்டிருந்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய கம்பெனி முதலாளி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுகுமாரன் தன் மெல்லிய குரலில் ரூம் விஷயத்தை எடுத்துச் சொன்னான். டத்தோ, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். அவன் அடக்கமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"டத்தோ, இது என் ஐடியா. என் பட்டறைக்குப் பக்கத்துலயே காலி எடம் இருக்கு, என்னோடதுதான். நாளைக்கே ரூம் போடலாம்."

டத்தோ கண்ணாடியைக் கழற்றினார். "ஓ. அப்போ இந்த ரூம் உங்க எடத்துக்கு வாடகை வரணும்னு கேக்குறதா?"

"அப்படி இல்ல டத்தோ..."

"வேற யார் யாருக்கு இதுல லாபம் இருக்கோ? இதைத் தள்ளி வைக்கலாம். பிறகு பாப்போம்."

பிறகு என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம். அது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என் கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். லாபம் இருக்கிறவன் வெளியே போனால்தான் மற்றவர்கள் அந்த விஷயத்தைப் பேசலாம் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. உள்ளேயே இருந்தால் ரூம் போகும், வெளியே போனால் என் இடம் போகும். நின்றபடியே யோசித்தேன்.

"டத்தோ, என் எடம் வேணாம். எழுதிக்குங்க. நான் வெளிய போறேன். ரூமை மட்டும் தள்ளி வைக்காதீங்க."

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த கரிபாப் பலகாரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி தின்பதற்குள் கதவு திறந்தது. சுகுமாரன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன தலைவரே, காத்து வாங்கவா?"

"என் பட்டறை எங்கன்னு கேட்டாங்கண்ணே. அதே தெருன்னு சொன்னேன். அங்க ரூம் வந்தா ஒங்களுக்கும் லாபம்தான், நீங்களும் போங்கன்னுட்டாங்க."

இவ்வளவு நாளில் அவனால் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். மறைக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒங்களுக்கு எம்மேல அப்படி என்னாண்ணே கோவம்?"

"கோவம் இல்லடா. பொறாமை. நான் ஒன்னைவிடப் பெரிய ஆளு. அது ஒருத்தனுக்கும் தெரியல."

"எனக்குத் தெரியும்ணே. ஒங்களுக்கு மத்தவங்க பேசுறதைக் கேக்கத்தான் பொறுமை இல்ல."

மிச்சக் கரிபாப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

கதவு மறுபடி திறந்தபோது ரூம் கிடைத்திருந்தது. ஜெலுத்தோங்கில் இல்லை. பாலம் தாண்டி, தீவுக்கு வெளியே, பிறையில்.

கமிட்டிகளுக்குப் போகிற இளைய தலைமுறைக்கு நான் சொல்வது இதுதான். ஒரு விஷயத்தில் உங்களுக்கு லாபம் இருந்தால், வாயைத் திறந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான் எழுந்து போனதால்தான் இன்றைக்கு எங்கள் பட்டறைகளுக்கு ஆர்டர் வருகிறது. பேச்சால் சாதித்தவர்கள் நிறைய உண்டு, எழுந்து போய்ச் சாதித்தவன் நான்.

இப்போது புஷ்களை வேனில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் அளந்து வருகிறேன். அங்கே தலைவர், உறுப்பினர் என்ற பேதம் கிடையாது. வரிசையில்தான் நிற்க வேண்டும். சுகுமாரன் எனக்குப் பின்னால் நிற்கிற நாள் எனக்கு நல்ல நாள்.