ஜன்னல் இல்லாத அறை

என் கண் கெட்ட கண். குறையை மட்டும்தான் பார்க்கும். நல்லூரில் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் வைத்துப் பிழைத்தவன் நான். தைத்து வருகிற டி-சர்ட்டுகளை மேஜையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைப்பது எங்கள் வேலை. இருபது வருடம் இதையே செய்தால் மனிதன் என்ன ஆவான்? கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சட்டைக் காலரைப் பார்ப்பேன். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப கையில ஸ்டிக்கர் கொண்டாராம வந்தீங்களே, அந்த மட்டும் என்ற புண்ணியமுங்க" என்பாள் என் மனைவி.

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த வருடம் அது. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கம் அப்போது கையில் கொஞ்சம் காசு புரளும் வீடு என்றால், பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். நாங்களும் இடம் வாங்கி வைத்திருந்தோம். ஜூனில் போனால் இரண்டு வருடத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன டிபன் டப்பாவைத் திறந்து வைத்து முகத்தைப் பார்த்துக்கொள்வதோடு சரி. அப்புறம் கல்லூரி, வேலை, கல்யாணம். நான், மனைவி, மகள், பையன் என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிற கடைசி மே மாதம் அது என்பது எனக்குத் தெரியாமலில்லை. என் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள்தான் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்தாள். பளபளவென்று நாலாக மடித்த காகிதம். முன்பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், பின்பக்கம் கப்பலின் உள்ளே எந்த மாடியில் எந்த அறை என்று காட்டும் படம்.

"ஏனுங்க, கொச்சியில இருந்து கப்பலாமுங்க. ரெண்டு ராத்திரி கடல்லயே தங்கிப்போட்டு வரலாமாம். ரேட்டும் நம்ம கைக்கு அடங்கறாப்லதான் இருக்குது. கடல நான் இன்னும் கண்ணுல பாத்ததில்லீங்க."

குன்னத்தூரில் தோட்டத்துக்கு நடுவே பிறந்தவள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நான் அவளைக் கூட்டிப் போனது பழனிக்கும் ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டு விசேஷங்களுக்கும்தான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நோட்டீஸை என் முன்னால் வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

தெருமுனையில் டிராவல்ஸ் வைத்திருந்தவர் அதுவரை சபரிமலைக்கும் பழனிக்கும் வேன் விட்டுக்கொண்டிருந்தவர். கப்பல் அவருக்கும் புதுசு. மறுநாள் போய் விசாரித்தேன்.

"மழைக்கு முந்தி இதுதானுங்ண்ணா கடைசி ட்ரிப்பு. உங்க நாலு பேருக்கும் எடம் சொல்லி வெச்சிருக்கறேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். அன்றைக்கு அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் செக்கிங் மேஜையாகிவிட்டது. பழனிக்குப் பஸ் ஏறினாலே பையன் வாந்தி எடுப்பான், அலையில் என்ன ஆவான் என்றேன். மாத்திரை இருக்கிறது என்றாள் மனைவி. கறியும் மீனும் ஒரே கரண்டியில் புழங்குவார்களே என்றேன். தயிர்சாதம் இல்லாத கப்பலும் உண்டா, இல்லாவிட்டால் ரெண்டு நாள் ரொட்டியும் பழமும் சாப்பிட்டால் செத்தா போவோம் என்றாள். இரண்டு ராத்திரி என்று பெயர்தான், ஏற ஒரு அரை நாள் இறங்க ஒரு அரை நாள் போனால் மிச்சம் என்ன என்றேன். மிச்சம் இருப்பது கடல் என்றாள். கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரமோ, பையன் எட்டிப் பார்த்தால் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஊர்ல நாலு பேரு புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டு வரலீங்களா? டேமேஜ் பாக்கறதுக்கா நம்ம கப்பலுக்குப் போறோம்?"

பிள்ளைகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போவது முடிவாகிவிட்டது போலத்தான் திரிந்தார்கள். பையனுக்கு அப்போது பத்து வயது. கப்பல் ஹாரன் அடிக்குமா, அடித்தால் திமிங்கிலத்துக்குக் கேட்குமா என்று யூனிட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டான். மனைவி ஒருபடி மேலே போனாள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய நீலக்கோடு போட்ட துணியை வாங்கி, பக்கத்துத் தையல் யூனிட்டில் கொடுத்து நாலு பேருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட் தைத்து வாங்கிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து புடவையும் நைட்டியும் தவிர வேறு உடுத்தாதவள், தனக்கும் ஒன்று தைத்திருந்தாள். புடவைக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டு, "கப்பல்ல நம்மள யாருக்குங்க தெரியப்போகுது" என்று சிரித்தாள். தைத்து வந்த நாலையும் நான் திருப்பிப் பார்த்தேன். அவள் சட்டையில் கைப்பக்கத் தையல் ஓரிடத்தில் கோணியிருந்தது. அதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை வந்தது. அன்று மதியம் எங்கள் யூனிட்டில் ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே ஆர்டரில் போகிற மொத்தச் சரக்குக்கு, கடைசி இன்ஸ்பெக்ஷன். பையரின் ஆள், சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள், வந்திருந்தார். அடுக்கி வைத்த பெட்டிகளில் தன் இஷ்டத்துக்குச் சிலவற்றைக் காட்டித் திறக்கச் சொல்லி, பீஸ்களை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அன்றைக்கு நாலைந்து பீஸில் குறை கண்டுபிடித்தார். அவர் அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்து, எண்ணி, தாளில் குறித்துவிட்டு 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டார். இத்தனை பீஸுக்கு இத்தனை குறை வரை போகட்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு கறாரான பையராக இருந்தாலும் அந்தக் கணக்கு உண்டு. குறையே இல்லாத லாட் உலகத்தில் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் மகள் நோட்டீஸை விரித்து வைத்துத் தம்பிக்கு எந்த மாடியில் நீச்சல் குளம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் யூனிட்டுக்கு வந்து மேஜையில் நிற்பாள் அவள். ஊசி பட்ட ஓட்டையைக்கூட விடமாட்டாள். பத்து வருட அனுபவம் உள்ள பெண்களே, "பாப்பா கண்ணுக்குத் தப்பாதுங்க" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை. அவளுக்கு என் பெருமையில் பெருமை.

சட்டைப் பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"கண்ணு, இந்த நோட்டீஸ நல்லா ஒருக்கா செக் பண்ணு பாக்கலாம். டேமேஜ் எங்க இருக்குதுன்னு ஒட்டிக் காட்டு. அப்பா கண்ணுக்கு ஒண்ணும் தட்டுப்படல."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள், அறைகளின் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். பத்து நிமிடம் இருக்கும். மகள் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து விலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டி நட்சத்திரக் குறியின் மேல் ஒட்டினாள். இன்னொன்றைப் பின்பக்கப் படத்தில், நடுவில் இருந்த அறைகளின் மேல் ஒட்டினாள்.

"அப்பா, இந்த ரேட்டு உள்பக்கத்து ரூமுக்குங்கப்பா. வெளிப்பக்கத்து ரூமுக்குத்தான் ஜன்னல் வட்டம் போட்டிருக்குது. நம்ம ரூமுக்கு ஜன்னலே இல்லீங்கப்பா."

முகம் அப்படியே மலர்ந்திருந்தது. நான், "என்ற புள்ளைன்னா சும்மாவா!" என்று சத்தமாகச் சொன்னேன். "ஜன்னலில்லாத ரூம்புல புள்ளைகளப் போட்டு அடைக்கறதுக்கா இவ்வளவு தூரம் போறது?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் டிராவல்ஸுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதும் மகள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது போயிற்று. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "ரூம்ல தூங்கத்தானுங்கப்பா போறோம், பகல்லெல்லாம் மேலயே இருந்துக்கலாமுங்கப்பா" என்றாள் மெதுவாக. நான் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினேன். பையன் எழுந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. மனைவி கொடியில் காய்ந்த நாலு நீலக்கோட்டுச் சட்டைகளையும் எடுத்து மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அலமாரியில் வைத்தாள்.

பொறுத்துச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அறைக்கு ஜன்னல் கிடையாது என்பதை டிராவல்ஸ்காரர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் ரேட் குறைவு என்றும் சொன்னார். எனக்கு ஜன்னல் ஒரு பொருட்டே அல்ல. எனக்குக் கடலென்றால் பயம். ஏழு வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் குளிக்க இறங்கியபோது அலை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. பெரியப்பா காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். நான் பார்த்துக் கட்டிய பெட்டிகள் வருடம் பூராவும் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. நான் மட்டும் முழங்கால் அளவு தண்ணீரில்கூட நிற்கமாட்டேன். நாற்பத்தைந்து வயது ஆம்பளை பெண்டாட்டி பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு வாரம் குறை தேடினேன். அந்தக் கடைசிக் குறையை என் வாயால் சொன்னால் மனைவி என்னைத் திட்டுவாள் என்று, மகளைக் கொண்டு சொல்ல வைத்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையை.

ஜூனில் அவளை விடுதியில் விட்டுவந்தோம். அந்தக் கப்பல் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஓடவில்லை என்று டிராவல்ஸ்காரர் சொன்னார். அவர் மறுபடியும் சபரிமலை வேனுக்கே போய்விட்டார். பையனின் நீலச்சட்டை சிறுத்துப்போய் யூனிட்டில் மெஷின் துடைக்கும் துணியாயிற்று. மனைவி தன்னுடையதை ஒரு நாளும் போடவில்லை. சில வருடம் கழித்துத் தன் அண்ணன் குடும்பத்தோடு கன்னியாகுமரி போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருந்ததுங்க என்றாள். நாலு பேராக நாங்கள் அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.

பையன் அக்காவுக்கு 'கப்பலக் கவுத்தவ' என்று பேர் வைத்துவிட்டான். முதலில் கோபத்தில் சொன்னான், பிறகு அது கேலியாயிற்று. விடுதியிலிருந்து அவள் லீவுக்கு வரும்போதெல்லாம், "கப்பலக் கவுத்தவ வந்துட்டா" என்பான். அவள் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையிடம் மைக்கில் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவளும் சிரித்தாள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் அவள் வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒவ்வொரு கவுனையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு நான் அந்த ஜன்னலப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா, நாம போயிருப்போமுங்களா?"

இத்தனை வருடம் அதை மனதில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பொய்தான். நான் பார்க்க விரும்பவில்லை.

"போயிருக்க மாட்டோம் கண்ணு. ஜன்னலில்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும். எனக்குக் கடலுன்னா பயம்."

கவுனை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பின்ன என்னைய ஏனுங்கப்பா பாக்கச் சொன்னீங்க?"

நான் கட்டிலில் கிடந்த இன்னொரு கவுனை எடுத்து நீட்டினேன். அவள் அதையும் வாங்கி இரண்டு கவுனையும் பெட்டியில் வைத்தாள். "அம்மாகிட்ட இனிச் சொல்ல முடியாது" என்றாள். அவள் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. "தம்பிகிட்டயாவது நீங்களே சொல்லிருங்கப்பா. நான் சொன்னா நம்ப மாட்டான்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அவள் விமானம் ஏறி மூன்று வாரம் ஆகிறது. பையன் சென்னையிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்கிறான். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்கிறான். நேற்று, "கப்பலக் கவுத்தவ எப்பிடி இருக்கறா, பேசினாளா?" என்று கேட்டான். பேசினாள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.