தண்ணீர்ச் சத்தத்துக்குக் கிடைத்த புள்ளி

கம்பஸில் நுண்கலை படித்த இரண்டாம் வருடம், ஊடகப் பாடத்துக்கு ஓர் ஒப்படை தந்தார்கள். ஏதாவது ஓரிடத்தின் சத்தங்களைப் பத்து நிமிடம் பதிந்து வர வேண்டும். துறையில் இருந்தது ஒரேயொரு ரேப் ரெக்கோடர். என் முறை வந்தபோது அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு, வந்தாறுமூலையிலிருந்து ஊருக்கு பஸ் ஏறினேன்.

நான் தேர்ந்தெடுத்தது வாவியைக் கடக்கும் பாதை. இரண்டு வள்ளங்களை இணைத்துப் பலகை அடித்த மிதவையை எங்கள் பக்கம் பாதை என்றுதான் சொல்வோம். கிழக்கே எங்கள் எழுவான்கரையில் ஆமி, மேற்கே படுவான்கரையில் இயக்கம். காலையில் புறப்படும்போது, எங்கள் கரைச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரர் கம்பஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது ரேப்பைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். சரி என்றேன். மறைக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அக்கரையில் பாதைக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

“இது ரேடியோவில போகுமா, பிள்ள?”

“இல்லக்கா, படிப்புக்கு.”

“பரவால்ல. நான் சொல்றன்.” பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

சைக்கிள் ரியூப் வாங்க ரவுணுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. எந்தக் கிழமை, என்ன நிறச் சேட்டு, எந்தச் சந்தியில் ஆமி பிடித்தது, தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவன் யார், எல்லாவற்றையும் சொன்னாள். பேர்களையும் சொன்னாள். அழவில்லை. பல அரச கந்தோர்களில் சொல்லிச் சொல்லி அது ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தது. அன்றும் ஒரு முகாமுக்கு விசாரிக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பாதை கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் எனக்குச் சென்றி நினைவுக்கு வந்தது.

“அக்கா, அங்கால இதைப் போட்டுக் கேப்பாங்க. நீங்க பேர் சொல்லிட்டீங்க.”

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். “அழிக்கலாமா?”

“மேல வேற எதையும் பதியலாம்.”

“அப்ப பதி.”

ரேப்பைப் பின்னால் ஓட்டி, மைக்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாதையில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. கம்பு ஊன்றிப் பாதையைத் தள்ளியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் சொல்லாமலே மெதுவாக ஊன்றினார். அவள் பேசி முடித்த இடத்தையும் தாண்டிப் பதிந்த பிறகுதான் கரை வந்தது.

ஆமிக்காரர் இரண்டு நிமிடம் கேட்டார். “தண்ணி?”

“ஓம், தண்ணி.”

போகச் சொன்னார். அவள் வேறு வரிசையில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் அதற்குத்தான் அதிகப் புள்ளி. மனிதர்களை விலக்கிவிட்டு வாவியை மட்டும் கேட்கத் துணிவு வேண்டும் என்றார் விரிவுரையாளர். அடுத்த வருடம் அவரிடம் உண்மையைச் சொன்னேன். “வகுப்பில சொல்லாம விட்டது நல்லது” என்றார். புள்ளியை மாற்றவில்லை.

படிப்பு முடிந்த பிறகு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அவளை ஒருமுறை கண்டேன். புருஷன் வரவில்லை. இன்னொரு தரம் பதியட்டுமா என்று கேட்டேன். அப்போது என்னிடம் சொந்தமாக ஒரு ரெக்கோடர் இருந்தது.

“வேணாம் பிள்ள. இப்ப நான் சுருக்கமாத்தான் சொல்றது” என்றாள். அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.